பிள்ளையாருக்குப் பின்னால் எரிந்த விளக்கு

ரயில் பாலத்துக்குக் கீழிருந்து ஏறும் அந்தச் சின்ன மேட்டில் என் கார் இழுக்க மறுத்தது. காலை ஆறரை மணியிருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் வேகமிதியை முழுதாக அழுத்துகிறேன். கார் நடக்கிற வேகத்தில் ஊர்கிறது. பின்னால் வந்த பேருந்தின் சாரதி ஒலி எழுப்பவில்லை. முன்விளக்கை மட்டும் இரண்டு தரம் வெட்டிக் காட்டினார். ஜேர்மனியில், எங்கள் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில், அது கொஞ்சம் மரியாதையான திட்டு.

ஓரங்கட்டி நிறுத்தினேன். எனக்கு முன்னால் இன்னும் பன்னிரண்டு வீடுகள் இருந்தன. என் எழுத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நான் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறவள். ஒருவருக்கு இன்சுலின், ஒருவருக்குக் குளிப்பு, ஒருவருக்குக் காலுறை. ஒரு காலைக்குப் பதினாலு வீடு. எங்கள் வேலையில் அதை ‘டூர்’ என்போம். சொந்தக் கார் உள்ளவருக்குத்தான் டூர் கிடைக்கும்.

என்ன கோளாறு என்று பார்த்தால் முன்தட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கைத்தொலைபேசி காலடியில் விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். குனிந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான், பிள்ளையாரின் வயிற்றுக்குப் பின்னால் செம்மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

பெருவிரல் உயரப் பிள்ளையார். கார் வாங்கிய அன்று என் கணவர் சிறி, இரண்டு பக்கமும் ஒட்டும் நாடா போட்டு அவரை அமர்த்தினார். அவர் றோட்டைப் பார்க்க வேண்டுமா, எங்களைப் பார்க்க வேண்டுமா என்று அன்று அரை மணித்தியாலம் வாக்குவாதம். கடைசியில் எங்களைப் பார்த்தபடி, வேகமானியின் கீழ்மூலைக்கு நேர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அந்த மூலையில்தான் எச்சரிக்கை விளக்குகள் இருக்கின்றன என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பிள்ளையாரைக் கையால் அசைத்தேன், வரவில்லை. பையிலிருந்த களிம்பு பூசும் மரக்குச்சியை அடியில் விட்டு நெம்பினேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான். அவர் வந்த பிறகு பார்த்தால் இரண்டு விளக்குகள். ஒன்று இஞ்சின் படம். மற்றது ஒரு பெட்டி, அதற்குள் புள்ளிகள். எத்தனை கிழமையாக எரிகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது வீடு

முதல் கியரில் ஊர்ந்தே நோவாக் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்று அவர்தான் மூன்றாவது வீடு.

நோவாக் பழைய சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. அவர் நெஞ்சுக்குள் போன நிலக்கரித் தூசி அங்கேயே இருக்கிறது. மூக்கில் பிராணவாயுக் குழாயோடு, தெருப்பக்க ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கால்கள் வீங்கும். தினமும் காலையில் இறுக்கமான காலுறை மாட்ட வேண்டும். அதற்கு ஒரு பக்குவம் வேண்டும். அவர் தோல் அவ்வளவு மெல்லியது. என்னைத் தவிர ஒருவரையும் அந்தக் கால்களைத் தொட விடமாட்டார். ஏனென்றால் தெரியாது. நான் வாயாடுவதால் இருக்கலாம்.

அவர் பேசுவது இந்த ரூர் சுரங்கப் பகுதியின் ஜேர்மன். நான் அதை எழுதும்போது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வருகிறது. காதிலும் அப்படித்தான் விழுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

“இருபது நிமிஷம் பிந்திப்போச்சு.”

“கார் இழுக்குதில்லை, ஹெர் நோவாக்.”

“கேட்டது. கொஞ்சநாளா உம்மடை கார் வந்து நிக்கேக்கை ஒரு காத்தாடி பெரிசா இரைஞ்சது. நீர் திறப்பைத் திருப்பின பிறகும் இரைஞ்சது. சொல்லுவம் எண்டு இருந்தனான்.”

எனக்கும் அந்த இரைச்சல் தெரியும். காரை நிறுத்தப் போகும் நேரம் இஞ்சின் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும், காத்தாடி உறுமும், சூடான இரும்பு மணக்கும். எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று காட்டும் எண் அப்படியே மேலே ஏறும். அதைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. சும்மா நின்றுகொண்டு குடிக்கிறதே என்று உடனே இஞ்சினை அணைத்துவிடுவேன். வீட்டு வாசலில் மட்டும் இல்லை, சிவப்பு விளக்கிலும் அணைப்பேன். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் மேலாளர் தொலைபேசியில் நயமாகத்தான் பேசினார். கார் சரிவரும்வரை என் டூரை என்னோடு வேலை செய்யும் பெட்ரா பார்ப்பார். அடுத்த கிழமையும் கார் இல்லையென்றால் நான் முதியோர் விடுதியில் உடுப்பு மடிக்கும் பகுதிக்குப் போக வேண்டும். அது போதாதென்று, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் வாகனப் பரிசோதனைக்குத் திங்கட்கிழமை டெர்மின், அதாவது நேரம் குறித்து, எடுத்து வைத்திருந்தேன். புகைக் குழாய்க்குள் கருவியை விட்டுக் கரி வருகிறதா என்று பார்ப்பார்கள். அதில் தவறினால் உடுப்பு மடிப்பதுதான்.

நான் அழவில்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்து ஓட்டியும் இப்படியா என்று எனக்குக் கோபம் வந்தது.

மண்ணெண்ணெயில் ஓடிய கலியாணக் கார்

இந்தக் கோபத்தை விளக்க சிறியின் பழைய காருக்குப் போக வேண்டும்.

போர்நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது கண்ணில் விடும் மருந்து. ஒரு சின்னப் போத்தலில் இருக்கும். சிறி வாடகைக் கார் ஓட்டினார். இங்கிலாந்துக்காரன் செய்த பழைய கார். காபரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். பின்னால் சைக்கிளில் வருகிறவர்கள் அவருடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனாலும் சிறி நூறு யார் தூரத்துக்கு முன்னாலேயே கியரைக் கழற்றி நியூட்ரலில் போட்டு, இஞ்சினை அணைத்து, உருட்டிக்கொண்டு வந்து சொன்ன வாசலில் நிறுத்துவார். எங்கள் கலியாணத்தன்று என்னையும் அப்படி உருட்டித்தான் கோயில் வாசலில் இறக்கினார். நாதஸ்வரக்காரர் கார் வந்த சத்தம் கேட்காமல் சும்மா நின்றார். அதை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை.

இந்த மனிதர்தான் இங்கே நான் லைசென்ஸ் எடுத்த மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டுநர் பள்ளி கற்பித்ததையெல்லாம் மறக்கப் பண்ணினார். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்தால் நியூட்ரல். நின்றால் அணை. இஞ்சினை உரக்கச் சுற்ற விடாதே, எப்போதும் மேல் கியரில் மெல்லப் போ. நானும் நல்ல மாணவி. பத்து வருடம் இப்படி ஓட்டினேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. பெட்ராவிடமும் இதே கார்தான், இதே டீசல். வார இறுதியில் மகளைப் பார்க்க ஆட்டோபான் நெடுஞ்சாலையில் பறந்து போவாள். அவளுடைய கார் என்னுடையதை விடக் குறைவாகக் குடித்தது. அவள் பொய் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ரூபன் சொன்ன வழி

கார் நின்ற அன்று பின்னேரம் ரூபன் வந்தான். சிறியின் சிநேகிதன், பக்கத்து நகரத்தில் பழைய கார்களை வாங்கி விற்கிறவன். கணினியைச் செருகிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தான்.

“அக்கா, உங்கடை காரிலை புகைக் குழாய்க்கு இடையிலை ஒரு வடி கிடக்கு. கரியைப் பிடிக்கிற சாமான். அது அடைச்சிட்டுது. உந்தச் சனியன்தான் டீசலையும் குடிக்கிறது. நான் உள்ளை கிடக்கிறதை எடுத்திட்டு வெறும் குழாயாக்கி விடுறன். கணினிக்கும் பொய் சொல்லிக் குடுக்கலாம். பிறகு பாருங்கோ, பறக்கும்.”

“திங்கக்கிழமை பரிசோதனை, தம்பி.”

“அதுக்கும் ஆள் இருக்கு.”

சிறி என்னைப் பார்த்தார். அவருக்கு அது நல்ல வழியாகப் பட்டது. ஒரு சாமான் டீசல் குடிக்கிறதென்றால் அதைக் கழற்றி எறிய வேண்டியதுதானே.

“அந்த வடி பிடிக்கிற கரி, வடி இல்லாட்டி எங்கை போகும்?” என்று கேட்டேன்.

“காத்தோடை போகும், அக்கா. றோட்டிலை எவ்வளவு கார் ஓடுது. உங்கடை ஒண்டாலையோ?”

என் கார் தினமும் காலையில் எங்கே நிற்கிறது என்று நினைத்தேன். நோவாக்கின் ஜன்னலுக்கு நேர் கீழே. குழாய் வீட்டுப் பக்கம் பார்த்தபடி. ஜன்னல் ஒரு விரல் அகலம் திறந்திருக்கும். அந்த மனிதர் இருமித் துப்பும் தாளை மடித்துப் பைக்குள் போடுகிறவள் நான். அதில் என்ன நிறம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“ரூபன், இந்தக் கரியை நான் ஆரின்டை வாய்க்குள்ளை ஊதுறது?” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “ஏலாது. கார் நிண்டாலும் நிக்கட்டும்.”

அவன் கோபிக்கவில்லை. “யோசிச்சுச் சொல்லுங்கோ” என்று கணினியை எடுத்துக்கொண்டு போனான். போன பிறகு சிறி, “உனக்கு வீம்பு” என்றார். ஓம், வீம்புதான். அது இல்லாமல் இந்த நாட்டில் நான் ஒரு அந்த்ராக் கூட நிரப்பியிருக்க மாட்டேன். அந்த்ராக் என்றால் விண்ணப்பம். இங்கே மூச்சு விடுவதற்கு மட்டும் அது தேவையில்லை.

பற்றவைக்கும்போது தண்ணீர் ஊற்றியவள்

மறுநாள் வெள்ளிக்கிழமை எங்கள் தெரு முனையிலிருக்கும் கராஜுக்குப் போனோம். அதன் மைஸ்டர், அதாவது தலைமை மெக்கானிக், ஹக்கன். துருக்கிக் குடும்பத்தவர், அதிகம் பேசமாட்டார். அவர் முதலில் என் காரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். எவ்வளவு தூரம் ஓடுவீர்கள், எத்தனை இடத்தில் நிறுத்துவீர்கள், காத்தாடி இரைந்தால் என்ன செய்வீர்கள்?

“உடனை நிப்பாட்டிப்போடுவன்,” என்றேன் பெருமையாக. “டீசல் வீணாப் போகுமெல்லே?”

ஹக்கன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“அந்த வடி ஒரு அடுப்பு மாதிரி, அம்மா. கரி நிறைஞ்சவுடனை கார் தானே அதை எரிக்கப் பாக்கும். அதுக்குத்தான் கொஞ்சம் கூட டீசல் விட்டுச் சூடாக்கிறது. கால் மணித்தியாலம் ஓட விட்டால் எரிஞ்சு முடிஞ்சிடும். நீங்கள் ஒவ்வொரு முறையும் பத்த வைக்கேக்கை தண்ணி ஊத்தி அணைச்சிருக்கிறியள். அடுத்த வீட்டிலை அது திரும்பவும் டீசல் விட்டுப் பத்த வைக்கும். நீங்கள் திரும்பவும் அணைப்பியள். கரி அப்படியே. டீசல் மட்டும் போச்சு.”

பெட்ரா பொய் சொல்லவில்லை. அவள் பறந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுடைய கார் தன்னைத் தானே சுத்தம் செய்துகொண்டிருந்தது. அவளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

ஹக்கன் நிறுத்தவில்லை. “நியூட்ரலிலை உருட்டுறனீங்களோ?”

சிறி ஒரு அடி முன்னால் வந்தார். “ஓம். அது மிச்சம்தானே?”

“இந்தக் காரிலை இல்லை. கியரிலை விட்டுக் காலை எடுத்தால் இஞ்சினுக்கு ஒரு சொட்டும் போகாது; சில்லுதான் அதைச் சுத்தும். நியூட்ரலிலை போட்டால் அணையாமல் நிக்கிறதுக்காக அது குடிச்சுக்கொண்டே இருக்கும்.”

சிறியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். “அப்ப நான் இவ்வளவு காலமா மிச்சம் பிடிச்சதெல்லாம்?” என்று தமிழில் என்னைக் கேட்டார். எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. காலையிலிருந்து இவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று கருவிக்கொண்டிருந்தவள் நான்.

“அந்தக் காருக்கு நீங்கள் செய்தது சரி,” என்றேன். “இந்தக் கார் வேறை.”

ஹக்கன் முடிவாகச் சொன்னார்: இஞ்சின் விளக்கை அழித்துத் தருகிறேன். வடி நிரம்பி வழிகிற நிலை. இன்னும் ஒரே ஒரு தரம் ஓட்டத்திலேயே எரிக்க முயலலாம். ஆட்டோபானில் ஏறி, இஞ்சினை வழக்கத்தைவிட உரக்கச் சுற்றவிட்டு, பெட்டி விளக்கு அணையும்வரை ஒரே சீராக ஓடுங்கள். நடுவில் நின்றால் கழற்றிக் கழுவ அனுப்ப வேண்டும், இரண்டு கிழமை பிடிக்கும். “அதோடை,” என்றார், “உங்கடை வேலைக்கு டீசல் கார் வாங்கினதே பிழை. வாங்கினதுக்குப் பிறகு ஒழுங்கா ஓடுங்கோ.”

ஆ முப்பத்தொன்று

சனிக்கிழமை காலை வடக்கே போகும் ஆ முப்பத்தொன்று என்ற ஆட்டோபானில் ஏறினோம். ஓட்டினது நான். சிறிதான் ஓட்டுகிறேன் என்று நின்றார். திறப்பை நான் கொடுக்கவில்லை. அடைத்தவள் நான், எரிப்பதும் நான்தான் என்றேன்.

பிள்ளையார் சிறியின் மடியில் ஒரு கைக்குட்டையில் சுற்றியபடி இருந்தார். நாலாவது கியரில் இஞ்சின் பாடியது. அந்தச் சத்தம் என் பல்லில் கூசியது. பத்து வருடம் குசுகுசுத்துக்கொண்டிருந்த கார் வாய்விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் டீசல் எண் மேலே ஏறியது, சூட்டு மணம் வந்தது.

“தொடங்கிட்டுது,” என்றேன்.

சிறியின் இடது கால், அவர் பக்கத்தில் இல்லாத கிளட்சை மிதித்தது. அவருடைய கை தன்பாட்டில் கியருக்கு வந்தது.

“கையை எடுங்கோ.”

“நம்பரைப் பார், வதனா. எரியுது.”

“எரியத்தானே வந்தனாங்கள்.”

அப்போது முன்னால் சிவப்பு. றோட்டு வேலை. மூன்று லொறிகள் ஒன்றன் பின் ஒன்றாக வேகம் குறைத்தன. “வெளியாலை இறங்கு,” என்றார் சிறி, “உதிலை வாசல் இருக்கு.” ஆட்டோபானை விட்டு இறங்கினால் முதல் சிவப்பு விளக்கிலேயே நிற்க வேண்டும். நான் இறங்கவில்லை. கடைசி லொறிக்கு வெகு பின்னால் விலகி வந்து, மூன்றாம் கியருக்கு இறக்கி, இஞ்சினை அதே உரத்தில் வைத்து, காலை மெல்ல மெல்ல எடுத்துக் கொடுத்து ஓட்டினேன். பின்னால் ஒரு கறுப்புக் கார் அவசரப்பட்டு விளக்கு வெட்டியது. வெட்டட்டும். லொறிகள் நிற்கவில்லை, ஊர்ந்தன, நானும் ஊர்ந்தேன். தடுப்புக் கம்பிகள் முடிந்து பாதை திறந்தபோது மறுபடி அழுத்தினேன்.

வயல்கள் வந்தன, பிறகு காற்றாலைகள். சிறி முன்தட்டின் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீசல் எண் சட்டென்று இறங்கியது. பெட்டி விளக்கு ஒருமுறை கண்ணடிக்கவும் இல்லை, சும்மா இல்லாமல் போனது.

“அணைஞ்சிட்டுது,” என்றார். பிறகு பிள்ளையாரின் கைக்குட்டையைப் பிரித்து அவருக்கும் காட்டினார்.

திரும்பி வரும்போது ஊருக்குள் முதல் சிவப்பு விளக்கு தூரத்தில் தெரிந்தது. கியரில் விட்டபடியே காலை எடுத்தேன். எண் பூச்சியத்துக்கு வந்து நின்றது. சிறி அதைப் பார்த்தார். “ஒரு சொட்டும் இல்லை,” என்று மெல்லச் சொன்னார்.

கொடுத்து வைத்த சாமான்

நேரே நோவாக் வீட்டுக்குப் போனேன். எனக்கு வேலை நாள் இல்லை. உடுப்பும் வீட்டு உடுப்பு. நான் பயந்தபடியே நடந்திருந்தது. பெட்ராவை இரண்டு நாளும் வாசலோடு அனுப்பியிருக்கிறார். கணுக்காலில் விரலை வைத்தால் குழி அப்படியே நின்றது.

“உமக்கு அறிவில்லையோ?” என்று ஏசினேன். வேலையில் அப்படிப் பேசக்கூடாது. அன்று வேலை இல்லைதானே.

“கார் என்னெண்டு இருக்கு?”

கால்களை உயர்த்தி வைத்து, வீக்கம் கொஞ்சம் வடியும்வரை கதை முழுவதையும் சொன்னேன். பிள்ளையார் மறைத்ததைச் சொன்னபோது சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நெடுநேரம் நீடித்தது. தாளை நீட்டினேன். மூச்சு திரும்பியதும் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். கீழே என் கார் மழையில் நனைந்தபடி நின்றது.

“அவ்வளவும் எரிஞ்சு போட்டுதோ? அரை மணித்தியாலத்திலை?”

“ஓம்.”

“குடுத்து வைச்ச சாமான்,” என்றார். ஜேர்மனில் அவர் சொன்னதற்கு எனக்குத் தெரிந்த தமிழ் அதுதான். நான் காலுறையை மாட்டினேன். அன்று இரண்டு கால்களுக்கும் வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.

திங்கட்கிழமை பரிசோதகர் குழாய்க்குள் கருவியை விட்டார். நான் கை விரல்களைப் பின்னால் கோர்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரையைப் பார்த்தார், தலையாட்டினார், எண் தகட்டில் தேறியதற்கான புதிய வட்டத்தை ஒட்டினார். அவருக்கு அது அன்றைய எட்டாவது கார். நான் வெளியே வந்ததும் சிறிக்குத் தொலைபேசியில் சொன்னேன். டூர் என்னிடமே இருந்தது. பிள்ளையார் இப்போது கண்ணாடிக்குப் பக்கத்தில், றோட்டைப் பார்த்தபடி இருக்கிறார்.

சில கிழமை கழித்து ஒரு காலை, நோவாக்கின் தெருவுக்குள் திரும்பியதும் காத்தாடி இரைந்தது. எண் ஏறியது. கை பழைய பழக்கத்தில் திறப்புக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். மேலே ஜன்னலில் அவர் இருந்தார். வாசலில் நிற்காமல் கடந்து போய், காரிலிருந்தே தொலைபேசியில் அழைத்தேன்.

“ஹெர் நோவாக், கார் எரிக்கத் தொடங்கிட்டுது. ஒரு சுத்துச் சுத்தி வாறன். கால் மணித்தியாலம் பிந்தும்.”

மறுமுனையில் குழாயின் சீறல் மட்டும் கேட்டது. மூன்று மூச்சுக்குப் பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

“நிப்பாட்டாதையும்,” என்றார். “முழுக்க எரியட்டும். நான் எங்கை போகப் போறன்? நீர் ஓடும்.”

நான் ஆட்டோபான் பக்கம் திருப்பினேன்.